ஜனாதிபதி சட்டத்துக்கு மேற்பட்டவரா?

(மாட்டுங்காவில் நடந்த காலாண்டு உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நான் வக்கீல் அல்ல. பௌதிகத்தில் பட்டம் வாங்கிவிட்டு மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் காலத்தைக் கழித்தவன். ஆனால் இன்றைய விஷயத்துக்கு வேண்டியது நம் அரசியல் சட்டத்தின் 361வது ஷரத்து ஒன்றுதான். அது ஒரு பக்கத்துக்குள் அடங்கும். அதை நிதானமாகப் படிக்க வக்கீல் பட்டம் தேவையில்லை.

சென்ற கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போது அங்கத்தினர் ஒருவர் என்னை மடக்கினார். "ஜனாதிபதி தாமே காரை ஓட்டிக்கொண்டு வருகிறார். கிங்ஸ் சர்க்கிளில் ஒருவரை இடித்துத் தள்ளிவிடுகிறார். என்ன செய்ய முடியும்?" என்றார். ஜனாதிபதி தாமே கார் ஓட்டுவாரா, ஓட்டினாலும் கிங்ஸ் சர்க்கிளில் இடிக்கிற வேகத்தில் போக இடம் ஏது என்பதெல்லாம் வேறு விஷயம். கேள்வி நல்ல கேள்வி. நேரான பதில் இதுதான்: அடிபட்டவர் நஷ்ட ஈடு கேட்டு சிவில் வழக்குப் போடலாம். அதற்கு இரண்டு மாதம் முன்னதாக எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். என்ன வழக்கு, என்ன காரணம், வழக்குப் போடுபவர் யார், எங்கே வசிக்கிறார், என்ன கேட்கிறார் என்றெல்லாம் அதில் இருக்க வேண்டும். கிரிமினல் வழக்கு மட்டும் அவர் பதவியில் இருக்கும் வரை எந்தக் கோர்ட்டிலும் தொடங்க முடியாது. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தாலும் நிறுத்திவைக்க வேண்டும். கைது வாரண்டும் கிடையாது. கவர்னர்களுக்கும் இதே சலுகை உண்டு. பிரதமருக்கும் முதல்வருக்கும் கிடையாது.

பலர் இந்த இடத்திலேயே, "ஆக அவர்கள் சட்டத்துக்கு மேற்பட்டவர்கள்தானே?" என்று முடித்துவிடுகிறார்கள். அவ்வளவு எளிதில் முடிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இன்று உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்கிறேன். பதவியில் இருப்பவர் கையெழுத்திட்ட காரியம் ஒன்று, அந்த ஆசாமி மற்றொன்று. சட்டம் இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. காரியத்தைக் கோர்ட் தாராளமாகப் பரிசோதிக்கலாம். ஆசாமியைத்தான் தொடக் கூடாது.

இது ஏன் என்று சர்க்கார் ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். மத்திய சர்க்கார் செய்யும் ஒப்பந்தம் ஒவ்வொன்றும் இந்திய ஜனாதிபதியின் பெயரால்தான் எழுதப்படுகிறது. பத்து மின்விசிறி வாங்கினாலும் அப்படித்தான். "இந்திய ஜனாதிபதிக்காகவும் அவர் சார்பிலும்" என்ற வாசகத்துக்குக் கீழே என்னைப் போன்ற ஒரு அதிகாரி கையெழுத்துப் போடுவார். மகாராஷ்டிர சர்க்கார் உத்தரவுகளும் கவர்னரின் ஆணைப்படியும் பெயராலும் என்றுதான் முடியும். அந்தக் கோப்புகளில் ஆயிரத்தில் ஒன்றைக்கூட அவர் பார்த்திருக்க மாட்டார். மின்விசிறி சப்ளை செய்தவருக்குப் பணம் வரவில்லையென்றால் ராஷ்டிரபதி பவனுக்கு சம்மன் போவதில் அர்த்தம் உண்டா? 299வது ஷரத்து அவருக்குச் சொந்தப் பொறுப்பு இல்லை என்கிறது. 300வது ஷரத்து, இந்திய யூனியன் மீது வழக்குப் போடு என்கிறது. கடன்காரனுக்கு வாசல் அடைபடவில்லை, பக்கத்து வாசலைக் காட்டியிருக்கிறார்கள்.

நம் பழைய சாஸ்திரங்கள் இந்த விஷயத்தில் என்ன சொல்கின்றன என்று சிலர் கேட்பீர்கள். ஒன்றுக்கொன்று எதிராக இரண்டும் இருக்கின்றன. சதபத பிராமணத்தில் ராஜசூய யாகத்தை வர்ணிக்கும் இடத்தில், ரித்விக்குகள் அரசனின் முதுகில் கோலால் பேசாமல் அடிக்கிறார்கள். அப்படி அடிப்பதால் அவனை தண்டனைக்கு அப்பால் கொண்டுபோய் விடுகிறார்களாம், அதனால் அரசன் தண்டிக்கத் தகாதவன் ஆகிறான். பட்டாபிஷேகத்தன்றே அட்வான்ஸாக வாங்கிக்கொண்டு விடுகிறான் என்று வைத்துக்கொள்ளலாம். மனுஸ்மிருதியோ நேர் எதிர். சாதாரணக் குடிமகனுக்கு ஒரு கார்ஷாபணம் அபராதம் என்றால், அதே குற்றத்துக்கு அரசனுக்கு ஆயிரம் என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் யார் வசூலிப்பது? கஜானாவே அரசனுடையது. உரைகாரர்களுக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்கிறது. தண்ணீரில் போட்டுவிட வேண்டும் அல்லது பிராமணர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று வழி சொல்கிறார்கள். (இந்த இடத்தில் சபையில் சிரிப்பு எழுந்தது.) மனுநீதிச் சோழன் கதையிலும் மணி அடித்தது பசு, தேரோட்டியது இளவரசன், தீர்ப்புச் சொன்னவன் தகப்பன். அரசன் நல்லவனாக இருந்ததால் நியாயம் கிடைத்தது. அவன் நல்லவனாக இல்லாவிட்டால் எந்த மணியை அடிப்பது? அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் சுதந்திர இந்தியாவில் கோர்ட்டை அரசனிடமிருந்து தனியே பிரித்து வைத்தார்கள்.

பிரித்து வைத்தது வேலை செய்கிறதா என்று பார்க்க நமக்கு நன்கு தெரிந்த ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். 2001ஆம் வருஷம். டான்சி நில வழக்கில் செல்வி ஜெயலலிதாவுக்கு 2000 அக்டோபரில் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. நான்கு தொகுதிகளில் அவர் போட்ட வேட்புமனுக்களும் தள்ளுபடி ஆயின. ஆனால் மே மாதத் தேர்தலில் அவர் கட்சி அமோகமாக ஜெயித்தது. எம்.எல்.ஏ.வாக இல்லாதவரும் ஆறு மாதம் மந்திரியாக இருக்கலாம் என்ற விதியைப் பிடித்துக்கொண்டு, மே 14ஆம் தேதி கவர்னர் பாத்திமா பீவி அவருக்கு முதல்வராகப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். பாத்திமா பீவி சாமானியர் அல்ல. சுப்ரீம் கோர்ட்டின் முதல் பெண் நீதிபதியாக இருந்தவர்.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. கவர்னரைக் கேள்வி கேட்க முடியாது, 361 குறுக்கே நிற்கிறது. சரி, கவர்னரை விட்டுவிடுவோம் என்றது கோர்ட். நியமனம் பெற்றவரைப் பார்த்து, "எந்த அதிகாரத்தின்பேரில் நீங்கள் இந்தப் பதவியில் இருக்கிறீர்கள்?" என்று கேட்கலாம் அல்லவா? அவருக்கு 361 கிடையாதே! கோ வாரண்டோ என்று அந்த ரிட்டுக்குப் பெயர். 2001 செப்டம்பர் 21 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அந்த நியமனத்தைச் செல்லாது என்று அறிவித்தது. அமர்வுக்குத் தலைமை தாங்கிய நீதிபதி பருச்சா நம்ம பம்பாய் ஹைகோர்ட்டிலிருந்து போனவர். அன்றிரவே ஓ.பன்னீர்செல்வம் முதல்வரானார். பின்னர் மேல் முறையீட்டில் ஜெயலலிதா விடுதலையாகி, ஆண்டிபட்டியில் ஜெயித்து, 2002 மார்ச்சில் முறைப்படி திரும்பி வந்தார். அரசியலில் யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. கவர்னர்மீது ஒரு விரல்கூடப் படவில்லை, ஆனால் அவர் செய்த காரியம் ரத்தாகிவிட்டது. இதை மட்டும் கவனியுங்கள்.

2005இல் பீகார். தொங்கு சட்டசபை. கவர்னர் பூட்டா சிங்கின் அறிக்கையை வைத்து மத்திய மந்திரிசபை நள்ளிரவில் சபையைக் கலைக்க முடிவு செய்தது. ஜனாதிபதி கலாம் அப்போது மாஸ்கோவில் இருந்தார். ஃபாக்ஸில் போன உத்தரவில் மே 23 அன்று கையெழுத்திட்டார். அக்டோபரில் சுப்ரீம் கோர்ட், கலைத்தது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. 2006 ஜனவரியில் வந்த விரிவான தீர்ப்பில், 361 தரும் பாதுகாப்பு கவர்னருக்குத் தனிப்பட்ட முறையில்தான், அவர் செய்கையின் செல்லுபடியை, கெட்ட எண்ணத்தோடு செய்தாரா என்பது உட்பட, கோர்ட் ஆராயலாம் என்று தெளிவாகச் சொன்னார்கள். பூட்டா சிங் ராஜினாமா செய்தார். கலாம் அவர்களை யாரும் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் அவரே பதவி விலக எண்ணிக் கடிதமும் தயாராக வைத்திருந்ததாகவும், பிரதமர் மன்மோகன் சிங் கேட்டுக்கொண்டதால் விட்டதாகவும் பின்னாளில் தம் நூலில் எழுதினார். ராமேஸ்வரத்து மனிதர், பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் முன்மாதிரி. அவர் மனசுக்கு அது எவ்வளவு உறுத்தியிருக்கும் என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

கோர்ட்டுக்கு வர வேண்டிய கட்டாயத்தை மரியாதைக் குறைவாக நினைக்காத ஜனாதிபதியும் உண்டு. வி.வி.கிரியின் 1969 தேர்தலை எதிர்த்து மனு வந்தபோது, பதவியில் இருக்கும்போதே சுப்ரீம் கோர்ட்டில் நேரில் வந்து சாட்சி சொன்னார். ஜனாதிபதி தேர்தல் தகராறை விசாரிக்கும் அதிகாரத்தை 71வது ஷரத்து சுப்ரீம் கோர்ட்டுக்கே கொடுத்திருப்பதால் அங்கே 361ஐக் காட்டித் தப்ப வழியில்லை. 1970 செப்டம்பரில் மனு தள்ளுபடி ஆயிற்று. ஜனாதிபதி பதவியின் கௌரவம் அதனால் ஒரு குந்துமணி அளவும் குறைந்துவிடவில்லை.

சரி, எல்லாம் சௌக்கியம்தானே, பிறகு என்ன குறை என்பீர்கள். இரண்டு குறை எனக்குப் படுகிறது.

முதலாவது, காலம். நம் மகாராஷ்டிரத்தையே பாருங்கள். 2022 ஜூன் கடைசியில் சிவசேனா பிளந்தது. கவர்னர் கோஷ்யாரி, பெரும்பான்மையை நிரூபியுங்கள் என்று முதல்வருக்குச் சொன்னார். ஓட்டெடுப்புக்கு முதல் நாள் இரவு உத்தவ் தாக்கரே ராஜினாமா செய்தார். 2023 மே 11 அன்று தீர்ப்பு வந்தது. ஓட்டெடுப்புக்கு உத்தரவிட கவர்னரிடம் தகுந்த ஆதாரம் இல்லை, அவர் செய்தது தவறு என்றது கோர்ட். ஆனால் தாக்கரே ஓட்டெடுப்பைச் சந்திக்காமலே விலகிவிட்டதால் பழைய அரசைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்றும் சொல்லிவிட்டது. அதற்குள் கவர்னரும் பிப்ரவரியிலேயே பதவியை விட்டுப் போயிருந்தார். பீகாரிலும் இதே கதைதான். கலைத்தது தப்பு, ஆனால் தேர்தல் வேலை ஆரம்பித்துவிட்டதால் சபையை உயிர்ப்பிக்க முடியாது. கல்யாணம் முடிந்து பிள்ளை பிறந்த பிறகு ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்கிற மாதிரி. இந்த மும்பை வழக்கின் பெயரில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. சுபாஷ் தேசாய் எதிர் மகாராஷ்டிர கவர்னரின் முதன்மைச் செயலாளர் என்று பெயர். மலபார் ஹில்லில் ராஜ்பவன் என்று நாம் சொல்லிப் பழகிய மாளிகையில் வசிப்பவரை வழக்கில் சேர்க்க முடியாது, அதனால் அவருடைய செயலாளர் எதிர்வாதி! சர்க்கார் உத்தியோகஸ்தனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இருக்க முடியாது.

தமிழ்நாட்டில் மசோதாக்கள் கிடப்பில் கிடந்த வழக்கையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 2025 ஏப்ரல் 8 அன்று இரண்டு நீதிபதிகள் கெடு விதித்தார்கள். ஜனாதிபதி பதினான்கு கேள்விகள் அனுப்பிக் கோர்ட்டின் கருத்தைக் கேட்க, நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள், கோர்ட் கெடு விதிக்க முடியாது என்றார்கள். ஆனால் காரணமே சொல்லாமல் நீண்ட காலம் சும்மா இருந்தால், முடிவெடுங்கள் என்று மட்டும் கோர்ட் சொல்லலாம், அதற்கு 361 தடையில்லை என்றும் சேர்த்தார்கள். அதாவது காரியத்தை மட்டுமல்ல, காரியம் செய்யாமல் இருப்பதையும் கேட்கலாம்.

இரண்டாவது குறைதான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. 361இன் இரண்டாவது உட்பிரிவு, உத்தியோகக் காரியம், சொந்தக் காரியம் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. எந்தக் கிரிமினல் நடவடிக்கையும் கூடாது என்கிறது. பாபர் மசூதி இடிப்பு வழக்கில் கல்யாண் சிங் ராஜஸ்தான் கவர்னராக இருந்தார் என்ற காரணத்தால், மற்றவர்கள்மீது விசாரணை நடக்கட்டும், அவர் பதவியை விட்டு இறங்கியதும் அவர்மீது தொடங்கட்டும் என்று 2017 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. 2019 செப்டம்பரில் இறங்கினார், அதே மாதம் கோர்ட்டில் ஆஜராகி ஜாமீன் பெற்றார். 2020 செப்டம்பர் 30 அன்று மற்றவர்களோடு அவரும் விடுதலையானார். அது பழைய சம்பவம், சாட்சியமெல்லாம் எப்போதோ சேகரித்தாகிவிட்டது. காத்திருந்ததால் பெரிய நஷ்டமில்லை.

ஆனால் இன்றைக்கு நடக்கும் ஒரு சம்பவத்துக்கு ஐந்து வருஷம் காத்திரு என்றால்? 2024 மே மாதம் கொல்கத்தா ராஜ்பவனில் வேலை பார்த்த ஒரு பெண் ஊழியர், கவர்னர் தம்மிடம் முறைகேடாக நடந்துகொண்டதாகப் புகார் செய்தார். கவர்னர் அதை முற்றிலும் மறுத்தார். யார் சொல்வது உண்மை என்று எனக்கும் உங்களுக்கும் தெரியாது, தீர்ப்புச் சொல்வதும் நம் வேலை அல்ல. ஆனால் அந்தப் பெண் சுப்ரீம் கோர்ட்டில் கேட்ட கேள்வி நியாயமானது. கவர்னர் பதவி முடியும் வரை நான் காத்திருக்க வேண்டுமா, அதற்குள் சாட்சியம் என்ன ஆகும் என்று கேட்டார். 2024 ஜூலை 19 அன்று கோர்ட் மனுவை ஏற்று நோட்டீஸ் அனுப்பி, அட்டர்னி ஜெனரலின் உதவியையும் கேட்டது.

விஞ்ஞானம் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். எல்லாச் சாட்சியமும் ஒரே மாதிரி அல்ல. என்.டி.திவாரி ஆந்திர கவர்னராக இருந்தபோது 2008இல் ஒரு இளைஞர், நீங்கள்தான் என் தகப்பனார் என்று டெல்லி ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டார். சிவில் வழக்கு, அதனால் போட முடிந்தது. திவாரி ரத்தம் கொடுக்க மறுத்து எங்கெல்லாமோ முட்டிப் பார்த்தார். 2012 மே மாதம் டேராடூனில் ரத்தம் எடுத்தார்கள், ஜூலை 27 அன்று முடிவு வெளியாயிற்று. இளைஞர் சொன்னது உண்மை. நான்கு வருஷம் தாமதித்தும் அந்த மரபணு மாறவில்லை, நாற்பது வருஷம் தாமதித்தாலும் மாறாது. ஒரு அறையில் இருவர் மட்டும் இருக்கும்போது நடந்தது அப்படியா? சி.சி.டி.வி. பதிவு சில நாளில் அழிந்து வேறு பதிவு ஏறிவிடும். உடன் வேலை பார்த்தவர் மாற்றலாகிப் போய்விடுவார். ஐந்து வருஷம் கழித்து, அன்று மாலை மணி என்ன என்று கேட்டால் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

வெளிநாட்டிலும் இதே குழப்பம்தான். அமெரிக்காவில் 1997இல் ஒன்பது நீதிபதிகளும் ஏகமனதாக, பதவியில் இருக்கும் கிளின்டன்மீது சொந்த விஷயத்தில் சிவில் வழக்கு நடக்கலாம் என்றார்கள். அதே கோர்ட் 2024 ஜூலை 1 அன்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், டிரம்ப் வழக்கில், பதவியின் அடிப்படை அதிகாரங்களைச் செலுத்திச் செய்த காரியங்களுக்குப் பதவி போன பிறகும் கிரிமினல் வழக்கு கிடையாது என்று வெகுதூரம் போய்விட்டது. நம் அண்டை நாடான இலங்கையில் எதிர்த் திசை. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பைத் தடுக்கத் தவறியதற்காக, முன்னாள் ஜனாதிபதி சிறிசேன தம் சொந்தப் பணத்திலிருந்து பத்துக் கோடி ரூபாய் நஷ்ட ஈடு தர வேண்டும் என்று 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. 2025 ஆகஸ்டில் ரணில் விக்ரமசிங்க சர்க்கார் பணத்தில் சொந்தப் பயணம் போனதாகச் சொல்லிக் கைது செய்யப்பட்டார். அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பத்துக் கோடி என்ற வார்த்தை, அடுத்து அந்த நாற்காலியில் உட்காருபவர் காதில் விழும்.

என் யோசனை சின்னது. பதவியில் இருப்பவரைக் கைது செய்ய வேண்டாம், கூண்டில் ஏற்றவும் வேண்டாம். அது பதவியோடு போகட்டும். ஆனால் புகாரைப் பதிவு செய்து, சாட்சிகளின் வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட் முன் எழுதி வாங்கி, பதிவுகளைக் கைப்பற்றி, உறையில் இட்டு முத்திரை வைத்துவிட வேண்டும். ஷரத்தில் உள்ள வாசகமே, கோர்ட்டில் நடவடிக்கை தொடங்கக் கூடாது என்பதுதான். போலீஸ் விசாரணை கோர்ட் நடவடிக்கை ஆகுமா என்பது வக்கீல்கள் வாதாட வேண்டிய விஷயம். ஆகாது என்று கோர்ட் சொன்னால் திருத்தமே தேவையில்லை. ஆகும் என்று சொன்னால் பார்லிமெண்ட் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

உரை முடிந்ததும் செம்பூர் அன்பர் ஒருவர் எழுந்து, "சார், இப்படி வாசலைத் திறந்துவிட்டால் பிடிக்காத கவர்னர்மீதெல்லாம் பொய்ப் புகார் குவியாதா? ராஜ்யத்துக்கு ஒரு கட்சி, மத்தியில் ஒரு கட்சி என்று இருக்கும்போது போலீஸை வைத்தே விளையாடுவார்களே?" என்று கேட்டார். பலர் தலையை ஆட்டினார்கள். குவியலாம்தான். அதனால் அந்த ராஜ்யப் போலீஸ் இல்லாமல் ஹைகோர்ட் நீதிபதி ஒருவரின் மேற்பார்வையில் விசாரணை நடக்க வேண்டும் என்று சேர்த்துக்கொள்ளலாம் என்றேன். அவருக்கு முழுத் திருப்தி இல்லை. அப்போது இன்னொன்றும் சொன்னேன்: புகார் பொய்யாகவே இருக்கட்டும். இன்றுள்ள ஏற்பாட்டில் அது பொய் என்று நிரூபிக்கவும் வழி கிடையாது. விசாரணையே இல்லாததால் நிரபராதியான கவர்னரும் பதவிக்காலம் முழுவதும் அந்தப் புகாரைத் தலையில் சுமந்துகொண்டுதான் ஆகஸ்ட் 15க்கு விருந்து கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.